நாம் நிற்கும் நிலம்

உறுதிக்கு உவமை தேடினோர் பெரும்பாலும் நிலத்தையே நாடினர். தன்னைத் தோண்டுகின்றவரையும் சுமந்து பொறுக்கும் நிலத்தின் இயல்பைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக்கினார் திருவள்ளுவர். காலின் கீழுள்ள மண் நிலையானது என்னும் நம்பிக்கையிலேயே மனிதன் வீடு கட்டுகிறான், வேலி இடுகிறான், விதை விதைக்கிறான். ஆயினும் நிலம் ஒரே திண்மையான கட்டி அன்று. அஃது அடுக்கடுக்காக அமைந்தது. அஃது அசையாப் பொருளும் அன்று; ஓயாமல் நகர்ந்துகொண்டிருப்பது. இவ்விரண்டு உண்மைகளையும் அறிவதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழ்நாட்டிலேயே அதற்கு ஏற்ற இடம் ஒன்று உண்டு.

கடலூர் மாவட்டத்தில் நெய்வேலிக்கு அருகே உள்ளது கம்மாபுரம். முந்திரியும் பலாவும் செழிக்கும் செம்மண் மேட்டு நிலம் ஒருபுறம். நெல்லும் கரும்பும் விளையும் தாழ்நிலம் மற்றொருபுறம். இவ்வட்டாரத்து உழவர்கள் மேல்மண்ணின் இயல்பைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். ஆனால், அம்மண்ணுக்கு நெடுங்கீழே கருநிறச் செல்வம் ஒன்று பரந்து கிடப்பதை எவரும் அறிந்திலர். 1935-ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டுவித்தார். நீரோடு கருநிறத் துகள்கள் கலந்து வெளிப்பட்டன. வேறொருவர் ‘கிணறு கெட்டது’ என்று மூடியிருப்பார். அவரோ, இஃது என்ன பொருள் என ஆராயுமாறு அரசினருக்குத் தெரிவித்தார். பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் 1943 முதல் 1946 வரை இப்பகுதியில் ஆழ்துளைகள் இட்டு ஆராய்ந்தனர். நிலத்தின் கீழே பழுப்பு நிலக்கரி பெரும்பரப்பில் படிந்திருப்பது புலனாயிற்று.

நாடு விடுதலை பெற்றபின் இச்செல்வத்தைப் பயன்படுத்தும் முயற்சி வலுப்பெற்றது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் என்னும் பொதுத்துறை நிறுவனம் தோன்றியது. 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் தலைமையமைச்சர் ஜவாகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை நீக்குவதற்கே நான்கு ஆண்டுகள் ஆயின. 1961-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில்தான் நிலக்கரிப் படிவம் முதன்முதல் கண்ணுக்குப் புலனாயிற்று. அடுத்த ஆண்டிலேயே, சோவியத்து நாட்டின் துணையோடு அமைக்கப்பெற்ற அனல்மின் நிலையத்தில் மின்னாற்றல் பிறந்தது. தென்னாட்டின் விளக்குகளும் ஆலைகளும் இவ்வூர் மண்ணின் கீழிருந்து எடுத்த கரியால் இயங்கலாயின.

நெய்வேலிச் சுரங்கம் இருள் சூழ்ந்த குகை அன்று; வானம் பார்த்த பெரும்பள்ளம். பல மாடி உயரமுள்ள பொறிகள், வாளிகள் பொருத்திய சக்கரத்தைச் சுழற்றிப் படிப்படியாக மண்ணை வெட்டி எடுக்கின்றன. அப்பள்ளத்தின் விளிம்பில் நின்று எதிர்ச்சுவரை நோக்கினால், நிலத்தின் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மேலே செம்மண், அதன் கீழே மணற்பாறையும் களிமண்ணும் மாறி மாறி வரும் படிவங்கள். இம்மணற்பாறைக்குக் கடலூர் மணற்பாறை என்றே பெயர். மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் முதல் 100 மீட்டர் வரை வெட்டிய பின்னரே பழுப்பு நிலக்கரி தோன்றும். அஃது இடத்திற்கு ஏற்ப 8 மீட்டர் முதல் 20 மீட்டர் வரை தடிப்புடையது. அதற்கும் கீழே நீர் நிறைந்த மணற்படிவம் உள்ளது.

இவ்வடுக்குகளைப் படிப்பதற்கு எளிய விதி ஒன்று உண்டு. களத்தில் நெல்மூட்டைகளை அடுக்கும்போது முதலில் வைத்த மூட்டை அடியில் இருக்கும். கடைசியாக வைத்தது மேலே இருக்கும். அதுபோலவே, பெரும் புரட்சிகளால் தலைகீழாக்கப்படாத இடங்களில், அடியில் உள்ள படிவம் பழையது. மேலே உள்ளது புதியது. ஆதலால், சுரங்கத்தினுள் இறங்குபவர் வெறும் ஆழத்தில் இறங்குவதில்லை, காலத்தில் இறங்குகின்றனர். அங்கே அவர் வைக்கும் ஒவ்வோர் அடியும் பல்லாயிரம் ஆண்டுகளைக் கடக்கும்.

கரி எங்ஙனம் உண்டாயிற்று? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலை ஒட்டிய சதுப்பு நிலமாக இருந்தது. அங்கே அடர்ந்த காடு செழித்தது. மரங்கள் வீழ்ந்தன, வீழ்ந்தவை நீரில் அமிழ்ந்தன. காற்றுப் படாத இடத்தில் மரம் முற்றிலும் மக்கிப் போவதில்லை. அவ்வாறு அமிழ்ந்த மரங்களின் மேல் புதிய மரங்கள் வளர்ந்து வீழ்ந்தன. பின்னர் ஆறுகள் மணலையும் களியையும் கொணர்ந்து அவற்றை மூடின. மேலே ஏறிய மண்ணின் சுமையாலும் நிலத்தின் வெப்பத்தாலும் மரம் கரியாக மாறிற்று. இம்மாற்றம் முற்றுப்பெறாமையால் அது கன்னங்கரிய நிலக்கரி ஆகவில்லை. ஈரம் மிகுந்த பழுப்பு நிலக்கரியாக நின்றது. ஒளியை உண்டு வளர்ந்த பழங்காட்டின் ஆற்றலே இன்று கம்பி வழியே ஓடி நம் வீட்டு விளக்கில் மீண்டும் ஒளியாகிறது.

பழங்காடுகள் இப்பகுதியில் இருந்தமைக்கு வேறு சான்றும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அடிமரங்கள் கல்லாக மாறிக் கிடக்கின்றன. அவற்றுள் சில 30 மீட்டர் நீளம் வரை உள்ளன. அவை கிடப்பதும் இதே கடலூர் மணற்பாறையில்தான். மண்ணில் ஊறிய நீர், மரத்தின் நுண்ணறைகளில் மணலின் சத்தைப் படியவைத்து அதனைக் கல்லாக்கிற்று. ஓரிடத்தில் மரம் கரியாயிற்று, மற்றோரிடத்தில் கல்லாயிற்று.

நெய்வேலிக்குத் தென்மேற்கே அரியலூர்ப் பகுதிக்குச் சென்றால் இன்னும் பழைய ஏடு ஒன்றைக் காணலாம். அங்குள்ள சுண்ணாம்புப் பாறைகளில் சுருள் சுருளாக அமைந்த ஓடுகள் பதிந்துள்ளன. அவை அம்மோனைட்டு என்னும் கடல் உயிர்களின் ஓடுகள். அவ்வுயிரினம் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே உலகினின்று மறைந்துவிட்டது. இன்று சிமெண்டு ஆலைகளுக்குக் கல் தரும் அந்நிலம், ஒருகால் கடலின் அடித்தளமாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? அரியலூருக்கு அண்மையிலுள்ள சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறது. 1940-ஆம் ஆண்டில் அதனை ஆய்வுலகுக்கு அறிவித்தவர் தஞ்சை மாவட்டத்தவரான எம். எஸ். கிருஷ்ணன். இவரே பின்னர், 1951-ஆம் ஆண்டில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் ஆனார்.

படிவப் பாறைகளுக்கெல்லாம் அடியில் கெட்டியான பழம்பாறை இருக்கிறது. சென்னைக்கு அருகே பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் அது வெளியே தலைகாட்டுகிறது. அதற்குச் சார்னோக்கைட்டு என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கு என்பாரின் கல்லறை இக்கல்லால் அமைந்தமையால், டி. எச். ஹாலண்டு என்னும் புவியியலார் அப்பெயரை இட்டார். தென்னாட்டில் இவ்வகைப் பாறைகள் சில 250 கோடி ஆண்டுப் பழமையுடையன. இவை மேற்பரப்பில் பிறந்தவை அல்ல. 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. மேலிருந்த பாறைகள் நெடுங்காலம் தேய்ந்து நீங்க, அடியில் இருந்தவை மேலே வந்தன. கட்டடத்திற்குக் கருங்கல் உடைக்கும் தொழிலாளி, தாம் அறியாமலேயே நிலத்தின் ஆழத்தைத் தொடுகின்றார்.

இதற்கும் கீழே என்ன உள்ளது? அங்கே சென்று பார்க்க மனிதனால் இயலவில்லை. கோலார் தங்க வயலில், தமிழர் பல்லாயிரவர் உழைத்த அச்சுரங்கத்தில், மனிதர் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கினர். அங்குப் பாறையே உடல் தாங்காத வெப்பமுடையதாக இருந்தது; குளிர்ந்த காற்றைச் செலுத்தியே வேலை செய்தனர். அச்சுரங்கம் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. உருசிய நாட்டில் கோலா என்னும் தீவக்குறையில் ஆய்வுக்காக இட்ட துளை 1989-ஆம் ஆண்டில் 12,262 மீட்டர் ஆழத்தை எட்டியது. அதற்குமேல் வெப்பம் மிகுந்தமையால் துளைப்பதை நிறுத்தினர். ஆனால், நிலவுலகின் நடுவிடமோ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. உலகைப் பண்ணுருட்டிப் பலாப்பழம் ஒன்றாகக் கொள்வோமானால், கோலாவின் துளை அதன் ஒரு முள்ளின் உயரத்தையும் கடவாது. நெய்வேலிப் பள்ளமோ ஊசிமுனை பட்ட தடமும் ஆகாது.

செல்ல இயலாத இடத்தின் இயல்பை எங்ஙனம் அறிந்தனர்? தச்சர் மரத்தைத் தட்டி, ஒலியைக் கொண்டு உள்ளே பொள்ளல் உண்டா என அறிவர். அவ்வாறே உலகைத் தட்டிப் பார்க்கும் சுத்தியலாக நிலநடுக்கம் அமைந்தது. 1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அசாமில் பெருநடுக்கம் ஒன்று நிகழ்ந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்டு ஓல்டாம் அதனை நுணுகி ஆராய்ந்தார். நடுக்கத்தின்போது ஒருவகை அலை மட்டும் எழுவதில்லை. வேகத்தாலும் இயல்பாலும் வேறுபட்ட அலைகள் எழுகின்றன என்பதை அவர் கண்டார். விரைந்து முன்வருவது முதல் அலை; அதற்குப் பின்வருவது இரண்டாம் அலை; நிலத்தின் மேற்பரப்பிலேயே பரவி மெல்ல வருவது மூன்றாம் வகை. அப்பெருநடுக்கத்திற்குப் பின் அலிப்பூர், பம்பாய், கொடைக்கானல் ஆகிய இடங்களில் நிலநடுக்கப் பதிவுக் கருவிகள் நிறுவப்பெற்றன. தமிழ்நாட்டு மலையுச்சியில் இருந்த கருவியும் உலகின் அதிர்வுகளைக் கேட்கத் தொடங்கிற்று.

அலைகள் கெட்டியான பொருளில் ஒருவாறும் மென்மையான பொருளில் ஒருவாறும் செல்லும். இரண்டாம் அலை திண்மப் பொருளில் மட்டுமே செல்லும், நீர்மத்தை ஊடுருவாது. உலகின் ஒருபுறத்தில் எழுந்த அலை மறுபுறத்திற்கு எப்போது வந்தது, எங்கே வளைந்தது, எங்கே மறைந்தது என்று கணக்கிட்டால் உள்ளமைப்பு விளங்கும். இவ்வழியால் 1906-ஆம் ஆண்டில் உலகின் நடுவே வேறுபட்ட கரு ஒன்று உண்டென ஓல்டாம் காட்டினார். 1909-ஆம் ஆண்டில் குரோவேசிய நாட்டவரான மோகோரோவிசிக்கு, மேலோட்டின் அடி எல்லையைக் கண்டார். 1936-ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டு அம்மையார் இங்கே லேமன், நீர்மக் கருவின் உள்ளே திண்மக் கரு ஒன்று இருப்பதை வெளிப்படுத்தினார்.

இவர்கள் அனைவரின் உழைப்பால் நாம் அறிவன இவை. மேலே இருப்பது புவி மேலோடு. கடலின் அடியில் அதன் தடிப்பு ஏறத்தாழ 5 முதல் 10 கிலோமீட்டர். நிலப்பகுதியில் சராசரியாக 35 கிலோமீட்டர். இமயம் போன்ற மலைகளின் அடியில் 70 கிலோமீட்டர் வரை செல்லும். அதன் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை உள்ளது கவசம் என்னும் அடுக்கு. அது திண்மப் பாறையே. எனினும் ஊழிக்கணக்கில் மெல்ல நெகிழ்ந்து நகர்வது. இஃது எங்ஙனம் கூடும் என்று ஐயுற வேண்டா. பீப்பாயில் உள்ள கெட்டித் தாரைச் சுத்தியால் அடித்தால் அது சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அதே தாரை நெடுநாள் சாய்த்து வைத்தால் மெல்ல வழியும். கவசத்திற்குக் கீழே இரும்பும் நிக்கலும் உருகிய நிலையில் உள்ள வெளிக்கருவம். இதன் சுழற்சியே திசைகாட்டியின் முள்ளை வடக்கு நோக்கி நிறுத்தும் காந்த ஆற்றலைத் தருகின்றது. 5,150 கிலோமீட்டருக்கும் கீழே உட்கருவம். அங்கே வெப்பம் 5,000 பாகை செல்சியசுக்கும் மிகுதி. ஆயினும் சுற்றியுள்ள பெரும் அழுத்தத்தால் இரும்பு உருகாமல் திண்மமாக இறுகி நிற்கின்றது.

மேலோடும் கவசத்தின் மேற்பகுதியும் சேர்ந்து ஒரு கெட்டியான உறை ஆகின்றன. அவ்வுறை முழுமையாக இல்லை. பல துண்டுகளாகப் பிளந்துள்ளது. ஏழு பெரிய துண்டுகளும் வேறு பல சிறிய துண்டுகளும் உண்டு. அவற்றையே புவித்தட்டுகள் என்கிறோம். அடியில் உள்ள நெகிழ்ந்த அடுக்கின்மேல் அவை நகர்கின்றன. சில இடங்களில் இரு தட்டுகள் விலகும். அங்கே கீழிருந்து பாறைக்குழம்பு எழுந்து புதிய கடல்தரையாகும். சில இடங்களில் மோதும். அங்கே மலை எழும், அல்லது ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் புகும். வேறு சில இடங்களில் ஒன்றையொன்று உரசிச் செல்லும். அடியில் புகுந்து அமிழும் தட்டு, தன் கனத்தால் பின்னுள்ள பகுதியையும் இழுக்கிறது. கிணற்றில் இறங்கிய வடத்தின் சுமை மேலுள்ள வடத்தையும் இழுப்பது போல என்க.

இவ்வுண்மையை உலகம் எளிதில் ஏற்கவில்லை. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிக்கா ஆகிய நிலங்களில் ஒரே வகைப் பழம்பயிர்களின் சுவடுகள் கிடைத்தன. இடையில் பெருங்கடல் இருக்க இஃது எங்ஙனம் நேர்ந்தது என்று அறிஞர் மயங்கினர். இடையிருந்த நிலங்கள் கடலில் ஆழ்ந்துவிட்டன என்று பலர் கருதினர். 1864-ஆம் ஆண்டில் ஸ்கிளேட்டர் என்பார், மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் இடையே இலெமூரியா என்னும் நிலப்பரப்பு இருந்திருக்கவேண்டும் என்று எழுதியதும் இத்தகைய கருத்தே. ஆனால், 1912-ஆம் ஆண்டில் செருமானியரான ஆல்பிரட் வெகனர், நிலங்கள் மூழ்கவில்லை, நகர்ந்தன என்றார். நகர்த்திய ஆற்றல் யாது என்று அவரால் காட்ட இயலாமையால் பலர் அவரை எள்ளினர்.

அரை நூற்றாண்டுக்குப் பின் விடை கடலடியில் கிடைத்தது. நெய்வேலியில் கரி வெளிப்பட்ட அதே காலத்தில், 1962-ஆம் ஆண்டில், அமெரிக்கரான ஹாரி ஹெஸ் கடல்தரை விரிந்துகொண்டே செல்கிறது என்று எழுதினார். மறு ஆண்டில் வைன், மேத்யூஸ் என்னும் இருவர் அதற்குச் சான்று காட்டினர். கடலடி மலைத்தொடரின் இருபுறமும் பாறைகளில் பதிந்துள்ள காந்தக் குறிகள் வரி வரியாக அமைந்திருந்தன. நடுவில் பிறந்த புதிய தரை இருபுறமும் விலகிச் செல்வதாலேயே அவ்வரிகள் உண்டாயின. அவர்கள் எடுத்துக்கொண்ட மலைத்தொடர் நம் இந்தியப் பெருங்கடலின் வடமேற்கில் உள்ள கார்ல்ஸ்பெர்க்குத் தொடரே ஆகும். அன்று முதல் இலெமூரியா போன்ற மூழ்கிய கண்டங்களைத் தேட வேண்டிய தேவை அறிவியலுக்கு இல்லாதாயிற்று. உண்மை எதுவாயினும் அதனைச் சான்று கொண்டு ஏற்பதே அறிவுடைமை.

இனி, இந்திய நிலத்தின் பயணத்தைக் காண்போம். தென்னுலக நிலங்கள் ஒன்றாக இருந்த அப்பெருங்கண்டத்திற்குக் கோண்டுவானா என்று பெயர். நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நிலத்தின் பெயரே உலகப் பெயராயிற்று. சாரியா, சிங்கரேணி முதலிய இடங்களின் கருநிலக்கரி, நம் நாடு அக்கண்டத்தோடு ஒட்டியிருந்த காலத்தில் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே படிந்தது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்க்டிக்காவிடமிருந்து விலகத் தொடங்கியது. அப்போது பிளந்த விளிம்புகளுள் ஒன்றே தமிழ்நாட்டின் கீழைக் கடற்கரை. பிளவில் நிலம் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் கடல் புகுந்தது. ஆறுகள் வண்டலைக் கொட்டின. அரியலூரின் அம்மோனைட்டு ஓடுகளும், அவற்றிற்கு மிகப் பின்னர் நெய்வேலிக் காடும், கடலூர் மணற்பாறையும் அந்தத் தாழ்நிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்த செல்வங்களே. தட்டு பிளவாதிருந்தால் இத்தாழ்நிலம் இல்லை. தாழ்நிலம் இல்லையேல் கம்மாபுரத்து மண்ணின் கீழ்க் கரியும் இல்லை.

பின்னர் இந்தியத் தட்டு வடக்கு நோக்கி விரைந்தது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரை விட்டுப் பிரிந்தது. 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதிற்று. இடைப்பட்ட கடலின் தரை மடிந்து எழுந்தது, அதுவே இமயம். எவரெஸ்டு உச்சியில் கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறை இருப்பதன் காரணம் இதுவே. பயணம் இன்னும் முடியவில்லை. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நகர்கிறது. பதினைந்து அகவை நிறைந்த மாணவர் ஒருவர், தாம் பிறந்த நாள் முதல், தம் ஊரோடும் பள்ளியோடும் முக்கால் மீட்டர் தொலைவு பயணம் செய்துவிட்டார். ஒரு கோடி ஆண்டில் இச்சிறு நகர்ச்சி 500 கிலோமீட்டர் ஆகும்.

இந்நகர்ச்சி எப்போதும் மெல்லியதாக இராது. இந்தியத் தட்டின் கீழை விளிம்பு அந்தமான், சுமத்திரா தீவுகளை ஒட்டி மற்றொரு தட்டின் அடியில் புகுகின்றது. அந்தமானை அடுத்த பாரன் தீவில் எரிமலை கனல்வது அதனால்தான். அங்கே இரு தட்டுகளும் பாறையோடு பாறை பற்றி அசையாது நிற்கும். இழுவிசையோ ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே வரும். நெடுங்காலம் சேர்ந்த விசை ஒருநாள் நொடிப்பொழுதில் விடுபடும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை 6.29 மணிக்கு அது நிகழ்ந்தது. ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்குத் தட்டின் விளிம்பு பிளந்தது; கடல்தரை எழுந்தது; மேலிருந்த கடலும் எழுந்தது. நாகப்பட்டினத்திலும் கடலூர்த் தேவனாம்பட்டினத்திலும் காலை வேலையில் இருந்த மக்கள் அதனை அறியவில்லை. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ஆழிப்பேரலை கரையை அடைந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். பல நாடுகளிலும் சேர்த்து இரண்டு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இரண்டரை மணி நேரம் சிறிது அன்று. கரையோரத்தை விட்டு ஒரு கல் தொலைவு நடந்து செல்ல அதில் பத்தில் ஒரு பங்கு போதும். அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு ஏதும் இல்லை. பெருநடுக்கத்தின் பின் பேரலை வரும் என்னும் அறிவும் நம் கரைகளில் பரவியிருக்கவில்லை. 2007-ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நடுவம் தொடங்கப்பெற்றது. கருவிகள் காப்பது ஒருபால் இருக்க, ஒவ்வொருவரும் நினைவில் கொள்ள வேண்டுவது ஒன்று உண்டு: கடல் திடீரென உள்வாங்கித் தரை தெரியுமாயின், அதனை வேடிக்கை பார்க்க நிற்றல் ஆகாது; உடனே உயர்ந்த இடத்திற்கு விரைந்து செல்லுதல் வேண்டும். முதல் அலை வடிந்ததும் திரும்பி வருதலும் ஆகாது. அடுத்த அலை அதனினும் பெரிதாக இருத்தல் கூடும்.

நிலத்தின் அமைப்பை அறிதல் பேரிடருக்கு மட்டும் வேண்டுவது அன்று. அன்றாட வாழ்வுக்கும் வேண்டுவதே. நெய்வேலிக் கரியின் கீழே நீர் நிறைந்த மணற்படிவம் உண்டு என்று கண்டோம். மேட்டு நிலங்களில் பெய்யும் மழை மணற்பாறை வழியே இறங்கி அங்கே சேர்கிறது. மேலும் கீழும் களிமண் அடைத்திருப்பதால் அந்நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிற்று. மேல்மண்ணை நீக்கினால் சுரங்கத்தின் தரை பொங்கிப் பிளந்துவிடும். ஆதலால், 1961-ஆம் ஆண்டு முதலே சுற்றிலும் ஆழ்கிணறுகள் அமைத்து இரவும் பகலும் நீரை இறைக்க வேண்டியதாயிற்று. கரி எடுப்பதற்காக இறைக்கும் நீரும், சிற்றூர்க் கிணறுகளின் நீரும் ஒரே படிவத்தைச் சார்ந்தவை. இயற்கை அடுக்கிய அடுக்குகளில் ஒன்றைத் தொட்டால் மற்றொன்றும் அசைகின்றது.

நிலக்கரியின் பொருட்டுப் பல சிற்றூர்கள் தம் இடத்தை விட்டுப் பெயர்ந்தன. முந்திரித் தோப்பும் நன்செய் வயலும் பள்ளத்திற்கு இடந்தந்தன. 2023-ஆம் ஆண்டில் வளையமாதேவிப் பகுதியில் நெற்பயிர் நின்ற வயலில் சுரங்கத்தின் பொருட்டுக் கால்வாய் வெட்டப்பட்டபோது உழவர் நெஞ்சம் கொதித்தமையை நாடு முழுதும் அறியும். மின்னொளியில் படிக்கும் நாம், அவ்வொளியின் விலையில் ஒரு பகுதியை இம்மக்கள் செலுத்தியுள்ளனர் என்பதை மறத்தல் கூடாது. மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த காட்டை நாம் சில தலைமுறைகளில் எரித்துவிடுகிறோம். 1962-ஆம் ஆண்டில் மின்னாற்றல் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம், 2020-ஆம் ஆண்டில் தன் வாழ்நாள் முடிந்து ஓய்ந்தது. மனிதன் செய்த பொறிக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள். அது எரித்த கரிக்கோ கோடி ஆண்டுகள். எரித்த கரியைத் திரும்பப் பெறுவதற்கு நமக்குக் காலம் போதாது.

நாம் நிற்கும் நிலம் நமக்குக் கரி தந்தது, கல் தந்தது, ஊற்று நீர் தந்தது, ஒருநாள் பேரலையையும் அனுப்பிற்று. அது நம்மேல் அன்பினால் தந்ததும் இல்லை. சினத்தினால் அனுப்பியதும் இல்லை. தன் இயல்பின்படி அடுக்கிக்கொண்டும் நகர்ந்துகொண்டும் இருக்கின்றது. அவ்வியல்பை அறிந்தவர் இடரினின்று தம்மைக் காத்துக்கொள்வர். செல்வத்தை அளவறிந்து துய்ப்பர். அதனால் இழப்புற்றோர்க்கு உரியதை மறவாது அளிப்பர். கிணற்றில் கருந்துகளைக் கண்டு ‘இஃது என்ன?’ என்று வினவிய ஒருவரின் வினாவே நெய்வேலியின் வரலாற்றைத் தொடங்கி வைத்தது. நம் ஊரில் கிணறு வெட்டும்போதும், ஏரியைத் தூர் வாரும்போதும், மலைச்சரிவில் சாலை போடும்போதும் வெளிப்படும் மண்ணின் நிறங்களை நின்று நோக்குவோமாக. எந்த அடுக்கு மேலே உள்ளது, எது கீழே உள்ளது, அது எங்கிருந்து வந்தது என்று வினவுவோமாக. நிலத்தைப் படிப்பதற்கு வேண்டிய முதற்பாடம் அதுவே.